மொறிஸ் மைனர் 948: லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான், இழுவையும் இல்லை. எஞ்சினில் என்ன மாற்றலாம்?

கோண்டாவில்_மைனர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓடிய மொறிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின், எஸ்யூ காபரேற்றர். நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தினமும் போய்வர 45 கிலோமீற்றர் அளவில் வரும்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்கு மேல் கிடைப்பதில்லை. தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பி மூன்று தடவை பார்த்துவிட்டேன். மற்றது, இழுவை. வல்லை வெளியில் எதிர்க்காற்று அடித்தால் மூன்றாம் கியருக்கு இறங்காமல் போக முடியாது. பின் சீற்றில் இரண்டு பேர் இருந்தால் இன்னும் மோசம். வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்ராட் பண்ணினால் பத்து நிமிடம் அடம்பிடிக்கிறது.

ஒரு கராஜில் ஜப்பான் எஞ்சின் போடச் சொன்னார்கள். இன்னொருவர் தண்ணீரில் இருந்து வாயு எடுக்கும் கருவி பூட்டினால் போதும் என்கிறார். எனக்கு இந்த எஞ்சினையே வைத்திருக்க வேண்டும். இதிலேயே என்ன செய்யலாம்?

வடமராட்சி_டீசல்

தம்பி, நான் 1958 ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில் பழைய எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் போட்டவன். இப்போது லீற்றருக்கு 15 ஓடுகிறது. நாலு மூட்டை வெங்காயத்தோடு சாவகச்சேரிக்குப் போனாலும் ரொப் கியரிலேயே இழுக்கும்.

ஆனால் அது சும்மா வேலை இல்லை. எஞ்சின் தாங்கும் கட்டைகள், கியர்பொக்ஸ், புரொப்பலர் தண்டு, றேடியேற்றர் எல்லாம் மாற வேண்டும். டீசல் எஞ்சின் பாரம் என்பதால் முன் ஸ்பிறிங் தாழ்ந்துவிட்டது, அதையும் மாற்றினேன். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைந்தது தனிக்கதை. மைனரின் எஞ்சின் அறை கேம்பிறிட்ஜை விடச் சின்னது, அதையும் யோசியுங்கள்.

பழைய_பட்டறை

மகன், மாற்றுகிறதுக்கு முதல் ஒரு கேள்வி. இந்த வண்டி 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில்தான் ஓடியதா? ஓடியதென்றால் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும்.

நான் 1974இல் இருந்து இந்த வேலை. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் என் கையாலேயே எத்தனையோ ஒஸ்ரின் ஏ40, மைனர், கேம்பிறிட்ஜுகளை மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கிறேன். துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், மிகக் குறைவு. சிலிண்டருக்குள் கலவையை 8.3க்கு 1 என்று அமுக்கும் எஞ்சினில் ஊற்றினால் சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும், பிஸ்ரன் போய்விடும். அதனால் அமுக்கத்தைக் குறைத்தோம், தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது ரைமிங்கை, பின்னுக்குத் தள்ளினோம்.

2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது எல்லோரும் தாங்கியில் பெற்றோலை ஊற்றினார்கள். எஞ்சினுக்குள் செய்த மாற்றங்களை எத்தனை பேர் திருப்பினார்கள்? உங்கள் அப்பா திருப்பியிருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்கள் பெற்றோல் விலை கொடுத்து மண்ணெண்ணெய் எஞ்சின் ஓடுகிறீர்கள்.

ஒரு காசும் செலவழிக்காதீர்கள். கொம்பிறெஷன் (சிலிண்டருக்குள் வரும் அமுக்கம்) அளந்து இங்கே போடுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வக்கூம் குழாய், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறிக்கும் தேர்மோஸ்ற்றற், காபரேற்றருக்குப் போகும் எண்ணெய்க் குழாய் மூன்றையும் பாருங்கள்.

கோண்டாவில்_மைனர்

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே. எனக்கு அப்போது ஏழு எட்டு வயது. வண்டிக்குப் பின்னால் வரும் அந்தப் புகை மணம் இன்னும் நினைவிருக்கிறது.

இன்று பின்னேரம் பார்த்தவை:

கொம்பிறெஷன், எஞ்சின் சூட்டில், அக்சிலேற்றரை முழுக்க மிதித்து: 105, 110, 95, 105 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தேன். ஐந்துக்கு மேல் கூடவில்லை.

வக்கூம் குழாய் இல்லவே இல்லை. காபரேற்றர் பக்கத் துளையில் ஒரு ஸ்குறூவை முறுக்கி அடைத்திருக்கிறார்கள்.

தேர்மோஸ்ற்றற் இல்லை, மூடியைத் திறந்தால் வெறும் பொந்து.

எண்ணெய்க் குழாய் எக்ஸோஸ்ற்றைச் சுற்றி மூன்று சுற்றுச் செப்புக் குழாயாகப் போகிறது. இவ்வளவு நாளும் இது தொழிற்சாலையில் போட்டது என்றே நினைத்திருந்தேன்.

பழைய_பட்டறை

அந்தச் செப்புச் சுற்று மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கப் போட்டது. பெற்றோல் தானாகவே ஆவியாகும். சூட்டில் நிறுத்தினால் குழாய்க்குள்ளேயே கொதித்துக் காற்றுக் கட்டிவிடும். வெயிலில் ஸ்ராட் வராததுக்குக் காரணம் அதுதான். முதலில் அதை அகற்றி, எக்ஸோஸ்ற்றில் இருந்து விலத்திக் குழாய் போடுங்கள்.

ஒயில் விட்டும் கொம்பிறெஷன் கூடவில்லை என்றால் றிங் தேயவில்லை. நாலு சிலிண்டரும் ஒரே அளவில் குறைவாக இருப்பது எனக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் மேலதிகமாக ஏதோ இருக்கிறது. இரண்டு கஸ்கட்டாக (நடுவில் வைக்கும் அடைப்புத் தாள்) இருக்கலாம், தகடாகவும் இருக்கலாம். மூன்றாவது சிலிண்டர் 95 வருவது வால்வ் சரியாக மூடாததால்.

வக்கூம் குழாய் முக்கியம். அக்சிலேற்றரை மெல்லமாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை ஐதாக இருக்கும். ஐதான கலவை எரிய நேரம் எடுக்கும், அதனால் தீப்பொறி முந்தி விழ வேண்டும். அதைச் செய்வது வக்கூம். அதை அடைத்தால் நீங்கள் தினமும் ஓடுகிற 50, 60 கிலோமீற்றர் வேகத்தில்தான் பெற்றோல் வீணாகும். டிஸ்ரிபியூற்றர் பக்கக் குழாய்வாயில் வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு அசைந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் டயபிறம் கிழிந்துவிட்டது.

சுன்னாகம்_ஹைபிறிட்

இவ்வளவு வேலை எதற்கு? தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி என் முச்சக்கரவண்டியில் இருக்கிறது. 20 வீதம் மிச்சம். கார் பற்றரியில் இருந்து 10 அம்பியர்தான் எடுக்கும்.

தொழில்நுட்ப_வாத்தியார்

தம்பி, கோபிக்காமல் இந்தக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ற், 10 அம்பியர் என்றால் 120 வாற். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற்-மணி சக்தி இருக்கிறது. மணிக்கு 4 லீற்றர் எரிக்கும் எஞ்சினுக்குள் 36 கிலோவாற் போகிறது. கருவியில் ஒரு துளி கூட வீணாகவில்லை என்று வைத்தாலும் அது கொடுப்பது முந்நூறில் ஒரு பங்கு. அந்த 120 வாற்றும் சும்மா வரவில்லை, பெல்ற்றைச் சுற்றி அதே பெற்றோலை எரித்துத்தான் வருகிறது. அதை எடுக்க எரிவது திரும்பக் கிடைப்பதை விடப் பல மடங்கு.

மைனரில் இருப்பது ஓல்ற்றநேற்றரும் இல்லை, டைனமோ. 22 அம்பியர்தான் அதன் உச்சம். இரவில் ஹெட்லைற், வைப்பரோடு இதையும் கொழுவினால் பற்றரி இறங்கும்.

உங்களுக்கு 20 வீதம் மிச்சம் வந்ததை நான் மறுக்கவில்லை. கருவி பூட்டிய அன்று காபரேற்றரையும் துப்புரவாக்கி, பிளக்கும் மாற்றினார்களா?

சுன்னாகம்_ஹைபிறிட்

ஓம், அன்றைக்கே பிளக், எயார் ஃபில்ற்றர் எல்லாம் மாற்றித்தான் தந்தார்கள். கருவியை ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஓடிப் பார்க்கிறேன்.

கிணற்றுத்தண்ணி

எஞ்சினைப் பற்றி எனக்குக் கனக்கத் தெரியாது, தண்ணீரைப் பற்றித் தெரியும். நம் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் றேடியேற்றரிலும் புளொக்குக்குள்ளும் படிகிறது. 60 வருடமாகக் கிணற்றுத் தண்ணீர் விட்ட எஞ்சின் என்றால் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போக வழி இருக்குமா என்பதே சந்தேகம். ஹெட் கழற்றும்போது அந்த ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.

பழைய_பட்டறை

மிகச் சரியான பேச்சு. சூடு ஏறுகிறது என்று தேர்மோஸ்ற்றற்றைக் கழற்றி எறிந்தவர்கள் எல்லோரும் செய்த பிழை இதுதான். சூட்டுக்குக் காரணம் சுண்ணாம்பு. தேர்மோஸ்ற்றற் இல்லாத எஞ்சின் காலையில் அரைமணி நேரம் குளிராகவே ஓடும், பெற்றோல் சரியாக ஆவியாகாது, சோக்கை இழுத்துவைத்தபடி போவீர்கள், ஒயிலுக்குள்ளும் பெற்றோல் இறங்கும். சுண்ணாம்பை எடுங்கள், 82 பாகை தேர்மோஸ்ற்றற் ஒன்று போடுங்கள். இனி மழைத்தண்ணீர், அல்லது வடித்த தண்ணீரில் கூலன்ற் கலந்து விடுங்கள்.

ஹெட் கழற்றப் போகிறீர்கள் என்பதால் ஒன்றை இப்போதே சொல்கிறேன், மறக்க வேண்டாம். நடுவில் தகடு இருந்தால் ஹெட் உயர்ந்திருக்கும், அதற்கேற்ப வால்வ் இடைவெளி வைக்கும் ரப்பட் ஸ்குறூக்களைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். தகட்டை எடுத்துவிட்டு அதே நிலையில் இறுக்கினால் புஷ்றொட் வளையும், வால்வ் திறந்தபடி நிற்கும். எட்டு ஸ்குறூவையும் நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

ஸ்காபரோ_அண்ணை

கனடாவில் இருந்து எழுதுகிறேன். ஊரில் எங்களிடமும் மைனர் இருந்தது. ஹெட் இறங்கினால் இரண்டு விடயம் பாருங்கள்.

ஒன்று, இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. ஹெட் வார்ப்பிரும்பு, வால்வ் இருக்கையும் அதே இரும்பில் வெட்டியது. ஈயம் அந்த இருக்கைக்கு மெத்தை மாதிரி. ஈயமில்லாப் பெற்றோலில் எக்ஸோஸ்ற் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கைக்குள் புதையும். எக்ஸோஸ்ற் பக்கம் நாலுக்கும் கடின இருக்கை வளையம் அடித்துவிடுங்கள், திரும்ப அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

மற்றது, பின் சில்லுகளைச் சுற்றும் பற்சக்கரப் பெட்டி, அதாவது டிபரன்ஷல். 948 மைனரில் 4.55க்கு 1. பிறகு வந்த 1098 சிசி மைனரில் 4.22. அதைப் போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் 7 வீதம் குறைவாகச் சுற்றும். முழு மையப் பகுதியையும் கழற்றி மாற்றலாம்.

வடமராட்சி_டீசல்

அண்ணை, இழுவை இல்லை என்று அழுகிறவருக்கு டிபரன்ஷலை நீட்டச் சொல்கிறீர்களே! வல்லைக் காற்றில் இன்னும் கஷ்டப்படும்.

தொழில்நுட்ப_வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் சரி, வரிசைதான் முக்கியம். 948 எஞ்சினின் உச்ச இழுவை நிமிடத்துக்கு 2500 சுற்றில் 50 இறாத்தல்-அடி. 4.55 டிபரன்ஷலில் ரொப் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் கிட்டத்தட்ட அந்த 2500 சுற்றில்தான் இருக்கும். நம் வீதிக்கு அளந்து செய்த மாதிரி. 4.22 போட்டால் 2300க்கு இறங்கும். ஆரோக்கியமான எஞ்சினுக்கு அது பரவாயில்லை, மலையும் இல்லை நமக்கு. 95 பிஎஸ்ஐ எஞ்சினுக்கு அது தண்டனை.

இழுவை உண்மையிலேயே கூட வேண்டுமென்றால் 1098 எஞ்சினே போடலாம். அதன் உச்சம் 60 இறாத்தல்-அடி, ஐந்தில் ஒரு பங்கு அதிகம், அதுவும் அதே 2500 சுற்றில். ஸ்ரோக் நீளம் 76.2 மில்லிமீற்றரில் இருந்து 83.7க்குப் போகிறது. ஆனால் முதலில் இருக்கிற எஞ்சினை எஞ்சினாக்குவோம்.

கோண்டாவில்_மைனர்

இன்று ஹெட் இறக்கினோம். பட்டறை ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

தகடு இருக்கிறது. அலுமினியம், 2 மில்லிமீற்றர் தடிப்பு, மேலும் கீழும் ஒவ்வொரு கஸ்கட். கையால் வெட்டியது. ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன. தண்ணீர்த் துளைகளைச் சுற்றி விளிம்பு அரித்துச் சொரசொரப்பாக இருக்கிறது. முன்பக்க மூலையில் ஆணியால் "முன்" என்று கீறியிருக்கிறார்கள், திருப்பிப் போட்டுவிடாமல் இருக்க. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதைக் கொழுவின அன்றைக்குத்தான் அப்பா உன்னை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்" என்றா. எனக்கு அது தெரியாது.

மூன்றாவது எக்ஸோஸ்ற் வால்வின் ஓரத்தில் ஒரு பக்கம் எரிந்த தடம். புளொக்கின் பின்பக்கத் தண்ணீர் ஓட்டைகள் இரண்டும் முழுக்க அடைப்பு, கம்பி விட்டபோது பற்காவி மாதிரித் துண்டு துண்டாக வந்தது.

பழைய_பட்டறை

அந்தத் தகடு யார் வெட்டியதென்று எனக்குத் தெரியாது, நான் செய்ததாகவும் இருக்கலாம். நாங்கள் எல்லோரும் "முன்" என்று கீறுவோம். அரிக்கேன் விளக்கில் அரம் போடும்போது முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று மாறிவிடும். மின்சாரம் இல்லை, துளை போட்டது எல்லாம் கையால் சுற்றும் டிறில்லில். ஆஸ்பத்திரிக்கு ஓடிய வண்டி என்று கேட்க நெஞ்சு நிறைகிறது. தகட்டை எறிய வேண்டாம்.

தொழில்நுட்ப_வாத்தியார்

கணக்குப் போட்டேன். ஒரு சிலிண்டர் 237 சிசி. 8.3 அமுக்கத்துக்குப் பிஸ்ரனின் மேலே மிஞ்ச வேண்டிய இடம் 32.5 சிசி. தகடும் மேலதிகக் கஸ்கட்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 சிசி கூட்டுகிறது. அமுக்கம் 6.7க்கு விழுந்திருக்கிறது. இதனால் மட்டும் 7, 8 வீதச் சக்தி ஒவ்வொரு துளியிலும் போகிறது. மிச்சம் போனது ரைமிங், வக்கூம், குளிர் எஞ்சின், எரிந்த வால்வ்.

ஹெட் தட்டையாகத் தேய்க்கக் கொடுக்கும்போது தேவைக்கு மேல் எடுக்க விடாதீர்கள். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அறையின் விளிம்பில் கிறீஸ் பூசி, ஒரு துளை உள்ள கண்ணாடித் துண்டால் மூடி, ஊசிச் சிறிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். நாலு அறையும் அரை சிசிக்குள் ஒத்திருக்க வேண்டும். 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு 8.3 பொருத்தம். 9க்கு மேல் ஆசைப்பட்டால் 95 தேடி அலைவீர்கள்.

ஹெட்டில் கலவை உள்ளே வரும் வழிகளான துறைகளை அரைத்துப் பெரிதாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு உள்ளே வர இரண்டே துறை. பெரிதாக்கினால் கலவை ஓடும் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். கஸ்கட் விளிம்பு துறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் வெட்டுங்கள்.

கோண்டாவில்_மைனர்

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். ஒரு மெஷின் சொப்பில் கொடுத்த வேலை ஒரு கிழமை பிந்திவிட்டது, அதுவும் முதல் தடவை இருக்கை வளையம் ஒன்று சரியாக இறங்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். இப்போது எல்லாம் சரி.

செய்தவை: தகடு வெளியே, ஒற்றைக் கஸ்கட். எக்ஸோஸ்ற் இருக்கை வளையம் நாலு, புது எக்ஸோஸ்ற் வால்வ் நாலு. புளொக் கழுவி, றேடியேற்றரைத் திறந்து கம்பி விட்டது. 82 பாகை தேர்மோஸ்ற்றற். டயபிறம் கிழிந்திருந்ததால் டிஸ்ரிபியூற்றருக்கு வேறு வக்கூம் அலகு. செப்புச் சுற்று அகற்றல். எட்டு ரப்பட்டும் தளர்த்திவிட்டுத்தான் பூட்டினேன், 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இடைவெளி வைத்தேன்.

கொம்பிறெஷன் இப்போது 150, 155, 150, 150.

ஆனால் கலவை இன்னும் சரியில்லை. பிளக் நுனி கரிக்கறுப்பு.

பழைய_பட்டறை

மண்ணெண்ணெய்க்காக, காபரேற்றருக்குள் எண்ணெய் வரும் துளையான ஜெற்றை இறக்கி வைத்திருப்பார்கள். எஸ்யூவில் கீழே உள்ள நட்டைச் சுற்றினால் ஜெற் ஏறும், இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். சுற்றுக் கூடிக் கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் சாகப்போனால் குறைவு. கொஞ்சம் கூடி உடனே தன் நிலைக்கு வந்தால் சரி. அதற்கு முதல் துறொட்டில் தண்டை அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் காற்று உறிஞ்சும், எவ்வளவு சுற்றினாலும் நிலைக்காது. பிஸ்ரன் மேல் மூடிக்குள் மெல்லிய ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வறண்டால் அக்சிலேற்றரை மிதித்ததும் ஒரு திக்கல் வரும்.

வடமராட்சி_டீசல்

புகைப் பரிசோதனைத் துண்டை எறிந்துவிட்டீர்களா? அதில் கார்பன் மொனொக்சைட் வீதம் போட்டிருக்கும். நம்மவர்கள் பாஸ் என்று கண்டதும் மடித்து வைத்துவிடுகிறார்கள். பெற்றோல் அதிகமாக எரிகிறதா என்று அதை விடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

கோண்டாவில்_மைனர்

அண்ணை, அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். ஐட்லிங்கில் வரம்பை ஒட்டித்தான் இருந்திருக்கிறது! ஜெற்றை இரண்டரைச் சுற்று ஏற்றினேன். பிளக் நுனி இப்போது மண்ணிறம்.

ரைமிங்கை வல்லை வெளியிலேயே வைத்தேன். ரொப் கியரில் 40இல் போய் முழுக்க மிதிப்பது, சின்னதாகக் கிணுகிணுத்தால் டிஸ்ரிபியூற்றரை ஒரு மயிரிழை பின்னுக்கு. மூன்று தடவை நிறுத்தி இறங்கினேன். நாலாவது தடவை சத்தமே இல்லை, எதிர்க்காற்றுக்குள் ரொப் கியரிலேயே பாலம் தாண்டினேன். பின் சீற்றில் இரண்டு ஆசிரியைமார் இருந்தார்கள்.

ஒரு கிழமை ஓடி நிரப்பியதில் லீற்றருக்கு 13.2. முன்பு 45 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் போனது, இப்போது மூன்றரைக்கும் குறைவு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 20 லீற்றர் கியூஆரில் தந்த காலத்தில் இது தெரிந்திருந்தால் ஐந்தாம் நாள் பஸ்ஸில் நின்றிருக்க மாட்டேன்.

ஸ்காபரோ அண்ணை, 4.22 டிபரன்ஷல் பற்றி இனிக் கதைப்போம்.

ஸ்காபரோ_அண்ணை

கதைப்போம். பல்லெண்ணை எண்ணிப் பார்த்து வாங்குங்கள், 38க்கு 9 இருந்தால் அது 4.22. மூடியில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம்.

பழைய_பட்டறை

அதற்கு முதல் ஒரு வேலை மிச்சம். 500 கிலோமீற்றர் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, நடுவில் இருந்து வெளியே, ஒவ்வொன்றாக, 40 இறாத்தல்-அடி. பிறகு ரப்பட் இடைவெளி திரும்பவும் பார்க்க வேண்டும். ரோர்க் றெஞ்ச் இல்லையென்றால் ஞாயிறு காலையில் திருநெல்வேலிப் பக்கம் வாருங்கள், என்னுடையது இருக்கிறது. அந்தத் தகட்டையும் கொண்டு வாருங்கள், ஒருக்கால் பார்க்க வேண்டும்.